நகரத்துக்குள் கோழி, ஆடு, மாடு: சுகாதார விதிகளுக்குள் நின்று வளர்க்கும் முறை

நகரத்தில் கால்நடை வளர்ப்பவர்மீது வரும் புகார்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களில் அடங்கிவிடும்: நாற்றம், ஈ, சேவல் சத்தம். முதல் இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றுதான், ஈரமான சாணம். உள்ளாட்சியின் சுகாதார விதியில் எத்தனை உட்பிரிவு இருந்தாலும், அதில் முக்கால்வாசி சாணத்தை உலர வை, சீக்கிரம் அள்ளு, கிணற்றுக்கும் சன்னலுக்கும் தள்ளி வை என்பதையே வேறு வேறு சொற்களில் சொல்கிறது. ஆகவே விலங்கை வாங்கும் முன் போட வேண்டியது பால் கணக்கும் முட்டைக் கணக்கும் அல்ல, சாணக் கணக்கு.

சாணக் கணக்கு

ஒரு நாளில் வெளியேறும் சாணமும் சிறுநீரும் சேர்ந்து, கறவை மாட்டுக்கு அதன் உடல் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம், முட்டைக் கோழிக்கு 6, ஆட்டுக்கு 4. 400 கிலோ மாடு என்றால் தினமும் 30 கிலோவுக்கு மேல். 30 கிலோ ஆட்டுக்கு ஒன்றேகால் கிலோ. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கோழிக்கு 100 கிராமை ஒட்டி வரும்.

இதை வாரக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். ஆறு கோழிகளின் எச்சம் நாலரை கிலோ, ஒரு வாளியில் அடங்கும். ஒரு மாட்டின் கழிவு 220 கிலோ. கோழிக்கு எண்ணிக்கை வரம்பு மட்டும் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தனி அனுமதியும் தள ஆய்வும் கேட்கும் ஊர்கள் பல இருப்பது இதனால்தான். மாடு கட்ட நினைப்பவருக்குச் சாணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், ஏற்றிச் செல்ல வண்டி, வண்டி வராத வாரத்தில் கொட்டிவைக்க மூடிய இடம் ஆகிய மூன்றும் முன்கூட்டியே உறுதியாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாட்டை மறந்துவிட்டுக் கோழியோடு நிற்பது நல்லது.

விதியை எங்கே, எப்படிப் படிப்பது

எல்லாம் ஒரே ஏட்டில் இருக்காது. பொதுச் சுகாதார விதி ஒரு பக்கம், நில உபயோக வகைப்பாடும் கட்டட விதியும் இன்னொரு பக்கம், கால்நடை நோய்த் தடுப்புச் சட்டம் மற்றொரு பக்கம், கழிவுநீர் விதி வேறொரு துறையில். வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தமும், அடுக்ககமாக இருந்தால் குடியிருப்போர் சங்க விதியும் மேலதிகம். ஒன்றில் தடை இல்லை என்பதை மற்றவற்றிலும் அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அலுவலகத்தில் வாய்மொழியாகக் கிடைக்கும் ‘பரவாயில்லை, வளருங்கள்’ என்ற பதில் முதல் புகார் வரும்வரைதான் செல்லும். கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேட்க வேண்டியவை இவை:

1. இந்த மனையின் நில வகைப்பாட்டில் எந்த இனம், எத்தனை வரை அனுமதி? குஞ்சும் குட்டியும் எந்த வயதிலிருந்து கணக்கில் சேரும்? ஆடு இரட்டைக் குட்டி போட்ட மறுநாளே வரம்பு மீறியவராக ஆகிவிடுவோமா என்பது இந்தப் பதிலில்தான் தெரியும்.
2. தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பார்கள்? கொட்டகைச் சுவரிலிருந்து பக்கத்து வீட்டுச் சன்னலுக்கா, மனை எல்லைக்கா? கோழி திரியும் வலையடைத்த திடலும் கொட்டகையாகக் கருதப்படுமா?
3. சேவல், கிடா, பன்றி ஆகியவற்றுக்குத் தனித் தடை உண்டா?
4. சாணம் அள்ளும் இடைவெளி எத்தனை நாள்? சேமிக்கும் தொட்டிக்கு மூடி, தளம் பற்றி ஏதாவது நிபந்தனை?
5. தொழுவம் கழுவிய நீரைப் பாதாளச் சாக்கடையில் விடலாமா? மழைநீர் வடிகாலில் விடுவது எங்கும் ஏற்கப்படாது. அது சுத்திகரிக்கப்படாமலே நீர்நிலையில் போய்ச் சேர்கிறது.
6. வீட்டில் அறுப்பதற்கும், பால், முட்டை விற்பதற்கும் தனி உரிமம் வேண்டுமா? வளர்க்கும் அனுமதிக்குள் இவை அடங்குவது அரிது.

பதில் கையில் வந்ததும் மனையை 1:100 அளவில் ஒரு தாளில் வரையுங்கள். உங்கள் சமையலறை, பக்கத்து வீட்டுச் சன்னல்கள், கிணறு, ஆழ்துளைக் கிணறு, வடிகால், எல்லைக்கோடு எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் விதி சொல்லும் தூரத்தைக் காம்பஸால் சுற்றி வரைந்தால், எந்த வட்டத்துக்குள்ளும் வராமல் மிஞ்சும் இடம்தான் கொட்டகைக்கு. எதுவும் மிஞ்சாவிட்டால் அந்த மனையில் அந்த விலங்குக்கு இடமில்லை. கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டால் இடிக்கும் செலவும் சேரும்.

தூரம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று புரிந்துகொள்வது முக்கியம். வீட்டு ஈ கிலோமீட்டர் கணக்கில் பறக்கக்கூடியது. பத்து மீட்டர் இடைவெளி அதற்கு ஒன்றுமே இல்லை. தூரத்தின் பயன் நாற்றம் காற்றில் நீர்த்துப்போவதிலும், சாண நீர் கிணற்றை எட்டாமல் இருப்பதிலும்தான் உள்ளது. சாணக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீட்டர் விடுங்கள், குழி கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாக இருக்கட்டும். சாண நீரில் கிருமி மட்டும் இல்லை, அதிலிருந்து உருவாகும் நைட்ரேட்டும் நிலத்தடி நீரில் இறங்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து.

கொட்டகை

கோழிக்குக் கூட்டுக்குள் தலா மூன்றில் ஒரு பங்கு சதுர மீட்டர், வெளியே திரிய தலா ஒரு சதுர மீட்டர். அமரும் கம்பில் ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. கம்பு முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடித்தான் உறங்கும். பெட்டி உயரமாக இருந்தால் இரவெல்லாம் அதிலேயே எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும். கம்புக்கு நேர் கீழே ஒரு பலகையை வையுங்கள். எச்சத்தில் கணிசமான பங்கு இரவில்தான் விழுகிறது. காலையில் அந்தப் பலகையைச் சுரண்டிவிட்டால் கூட்டின் பாதிச் சுத்தம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

காற்றோட்டத் திறப்பு உறங்கும் கோழியின் தலைக்கு மேலே அமையட்டும். சூடான ஈரக்காற்று மேலே போய்விடும், பறவைமீது நேரடியாகக் காற்று அடிக்காது. கூரை சுவருக்கு வெளியே 45 முதல் 60 செ.மீ. நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. இந்த நீட்டத்தில் கஞ்சத்தனம் பார்த்தவர்களின் கூடுதான் மழைக்காலத்தில் முதலில் நாறும்.

அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கோழியை உள்ளே நிறுத்த மட்டுமே உதவும். நாய் அதைக் கிழித்துவிடும், எலி நுழைந்துவிடும். எலியைத் தடுக்க 12 மி.மீ. கண் கொண்ட வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வேண்டும், சுண்டெலிக்கு 6 மி.மீ. வலையை மண்ணுக்குள் 30 செ.மீ. இறக்குங்கள். தோண்ட முடியாத தரையானால் வெளிப்பக்கமாக 30 செ.மீ. மடித்துப் படுக்கவைத்து மேலே கல் பரப்புங்கள். சுவரோரமாகத் தோண்டுவது விலங்கின் பழக்கம். வலை தட்டுப்பட்டதும் பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை.

ஆட்டுக்குப் பரண் முறை, அதாவது தரைக்கு மேலே உயர்த்திய மரச்சட்டத் தளம், நகரத்தில் கைகொடுக்கும். மரச்சட்டங்களுக்கு இடையே 1.5 முதல் 2 செ.மீ. இடைவெளி விட்டால் புழுக்கையும் சிறுநீரும் கீழே போய்விடும். இடைவெளி கூடினால் குட்டியின் கால் சிக்கும். பரணுக்கு அடியில் ஆள் குனிந்து வாரும் அளவு உயரமும், சிறுநீர் ஒரு பக்கம் வடியும் சரிவும் வேண்டும். புழுக்கை சிறுநீரில் ஊறாதவரை அதில் நாற்றமும் குறைவு, ஈயும் குறைவு. வளர்ந்த பெட்டை ஆட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை சதுர மீட்டர் கூரையடி இடம் போதும். ஒற்றை ஆடு வளர்க்காதீர்கள். துணையில்லாத ஆடு நாள் முழுக்கக் கத்தும், அடுத்த புகார் சத்தத்தைப் பற்றி வரும்.

மாட்டுக்குக் கூரையடியில் மூன்றரை, திறந்தவெளியில் ஏழு சதுர மீட்டர். தரை 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை சரிய வேண்டும். அதாவது ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கட்டுத்தரையில் இரண்டரை முதல் நாலு செ.மீ. இறக்கம். இதற்குக் குறைந்தால் சிறுநீர் தேங்கும், கூடினால் மாட்டின் பின்னங்காலில் பாரம் ஏறும். தளத்தைச் சொரசொரப்பாக முடியுங்கள். பளபளவென்று பூசிய தரை கழுவ வசதி, ஆனால் மாடு வழுக்கி விழுந்தால் எழுப்புவது பெரும்பாடு. கழுவும் முன் சாணத்தை உலர்வாக வழித்து அள்ளிவிட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுத் தள்ளினால் 30 கிலோ சாணம் நூறு லிட்டருக்கு மேற்பட்ட கூழாக மாறும். அந்தக் கூழை எந்த வண்டியும் ஏற்றாது, எந்த வடிகாலும் தாங்காது.

ஈயின் நாட்காட்டி

வாரத்துக்கு இருமுறை சாணம் அகற்று என்று விதி சொல்வது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பதில் ஈயின் பிறப்பில் இருக்கிறது. பெண் ஈ தொகுதிக்கு நூறு, நூற்றைம்பது என்று வாழ்நாளில் ஐந்நூறு முட்டை வரை இடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழுவாகும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். புழு முதிர்ந்ததும் சாணத்தை விட்டு ஊர்ந்து, குவியலின் ஓரம், சாக்குக்கு அடி, சுவர் வெடிப்பு என்று உலர்ந்த இடத்தில் கூட்டுப்புழுவாகும். அதற்குப்பின் சாணத்தை அள்ளினாலும் பயனில்லை. வாரம் ஒருமுறை சுத்தம் செய்யும் வீட்டில் ஈ குறையாமல் இருப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்: இரண்டு நாள் தாமதமானாலே ஒரு தலைமுறை தப்பிவிடுகிறது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை என்றால் சுற்று முறியும்.

இரண்டாவது ஆயுதம் உலர்வு. புதுக் கோழி எச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதில் ஈப்புழு வளராது. ஆழ்கூள முறை இந்த அடிப்படையில்தான் நிற்கிறது: உமி, மரச்சீவல் போன்ற கூளத்தை 10 செ.மீ. பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறி, எச்சம் அதில் காய்ந்து கலக்கும்படி விடுவது. கூளத்தின் ஈரத்தை அறிய ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கி, கையை விரியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஒட்டி, பிறகு மெல்ல உதிர்ந்தால் சரி. ஒட்டவே இல்லை, தூசி பறக்கிறது என்றால் மிகவும் காய்ந்துவிட்டது; அந்தத் தூசி கோழிக்கும் கூட்டுவோருக்கும் மூச்சுக்குழாயைக் கெடுக்கும்.

ஈரக் கூளம் எப்போதும் ஒரே இரண்டு இடத்தில் தொடங்கும்: ஒழுகும் கூரைக்கு அடியிலும் தண்ணீர்க் கலத்தைச் சுற்றியும். கலத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும், கலம் கம்பிச் சட்டத்தின் மேல் நிற்கட்டும். கோழி வளர வளர உயர்த்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமோனியா நெடியை நின்றபடி முகர்ந்து பார்ப்பது வீண். கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து, விடியற்காலையில் கூட்டைத் திறந்தவுடன் பாருங்கள். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது பொதுவாக ஏற்கப்படும் மேல் வரம்பு. அந்த அளவில் கண் உறுத்தத் தொடங்கிவிடும். தினமும் கூட்டுக்குள் போகிறவரின் மூக்கு பழகிப்போகும், ஆகவே வெளியாள் ஒருவரை மாதம் ஒருமுறை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நெடி அடித்தால் ஈரக் கூளத்தை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும். சுண்ணாம்பு தூவினால் அடங்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். உண்மையில் காரத்தன்மை கூடக்கூட அமோனியா இன்னும் வேகமாக வெளியேறும். சுண்ணாம்பின் இடம் சுவரும் காலி செய்து கழுவிய தரையும்தான்.

பறக்கும் ஈக்களுக்கு மருந்தடிப்பது கடைசி வழி. புழு வளரும் இடத்தைத் தொடாமல் மேலே அடித்தால் மறுவாரமே அடுத்த கூட்டம் வரும், மருந்துக்குப் பழகிய ஈயாக வரும். ஈப்புழுவைத் தின்னும் வண்டுகளும் அதே மருந்தில் செத்துவிடும்.

மக்கவைப்பது

சூடேறும் குவியலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டராவது வேண்டும். அதைவிடச் சிறியது வெப்பத்தைத் தாங்கி நிற்காது. ஒரு பங்கு கோழி எச்சத்துக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலையோ வைக்கோலோ சேர்த்து, பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி சொட்டும் ஈரத்தில் வையுங்கள். நோய்க்கிருமிகள் சாக 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது மூன்று நாளாவது நீடிக்க வேண்டும். வெளிப்பக்கம் அந்த வெப்பத்தை எட்டாது. அதனால்தான் திறந்த குவியலை 15 நாள் அந்த வெப்பத்தில் வைத்து, இடையில் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்ற விதிமுறை உண்டு. நீளக் காம்பு வெப்பமானி இல்லாமல் இதைச் சரிபார்க்க முடியாது. கையால் தொட்டு ‘சூடாகத்தான் இருக்கிறது’ என்பது 45 டிகிரியிலும் தோன்றும்.

அமோனியா நெடி வந்தால் இலை போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, புரட்டுங்கள். சூடே ஏறவில்லை என்றால் காய்ந்திருக்கும் அல்லது குவியல் சிறியது. மேற்பரப்பில் புழு நெளிந்தால் காய்ந்த இலையால் தடிமனாகப் போர்த்துங்கள்.

ஆறு கோழி வீட்டுக்கு இந்த ஒரு கன மீட்டர் எட்டாக்கனி. சேரவே ஒரு வருடம் ஆகும். அங்கே இரண்டு மூடிய தொட்டிகள் போதும். ஒன்றில் எச்சமும் இலையும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புங்கள், நிரம்பியதை ஒரு வருடம் தொடாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மக்காத சாணத்தைக் காய்கறிப் பாத்தியில் போட்டால், மண்ணைத் தொட்டு வளரும் கீரை, கிழங்குக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பும், மண்ணைத் தொடாத காய்களுக்கு 90 நாள் முன்பும் நிறுத்திக்கொள்வது கரிம வேளாண்மையில் கடைப்பிடிக்கும் இடைவெளி.

எலி, கொசு

எலியைக் கூப்பிடுவது தீவனம். ஒரு முட்டைக் கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். காலையில் அளந்து போட்டு, மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தீவன மூட்டை, மூடி உள்ள உலோகத் தொட்டிக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியை எலி ஓர் இரவில் அரித்துவிடும். விஷம் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு: செத்த எலியைக் கோழியும் கொத்தும், பூனையும் தின்னும். பொறியும் அடைப்பும்தான் சரி. எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். மழைக்காலத்தில் தொழுவத்துத் தேங்குநீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்ப்பதோடு, உட்சுவரைத் தேங்காய்நாரோ பிரஷோ கொண்டு தேய்க்கவும் வேண்டும். டெங்குக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்த நிலையிலும் மாதக் கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். சிறுநீர் இறங்கும் உறிஞ்சு குழியில் வளர்வது வேறு வகைக் கொசு. குழிக்கு இறுக்கமான மூடி போட்டால் போதும்.

சேவல்

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் தேவை. சேவலை இருட்டுப் பெட்டியில் அடைத்தால் கூவாது என்ற யோசனை முழுதாகப் பலிக்காது. விடியலுக்கு முன் கூவுவது அதன் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தால்தான், வெளிச்சத்தால் மட்டுமல்ல என்று 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண், பெண் பிரிக்காத குஞ்சுகளை வாங்கினால் பாதி சேவலாக வரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டை பெரிதாகிச் சிவப்பதை வைத்து அடையாளம் காணலாம். கூவத் தொடங்கும் முன்பே அவற்றை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

நோய்

ஐந்து வயதுக்குக் கீழான குழந்தை, கர்ப்பிணி, முதியவர், எதிர்ப்பு சக்தி குன்றியவர் இருக்கும் வீட்டில் கெடுபிடி கூட வேண்டும். ஆரோக்கியமாகத் தெரியும் கோழியிலும் வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம், மாட்டுச் சாணத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா வகை இருக்கக்கூடும். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, வாசலிலேயே சோப்பும் தண்ணீரும். கோழிக்குஞ்சைக் குழந்தை முத்தமிட விடாதீர்கள்.

ஆடு ஈனும்போது கர்ப்பிணிகள் அருகே இருக்கக் கூடாது. கையுறை, முகக்கவசம் இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடவும் கூடாது. கன்று வீச்சு நோய் (புரூசெல்லோசிஸ்), க்யூ காய்ச்சல் ஆகிய பாக்டீரியா நோய்கள் மனிதருக்கு வரும் முக்கிய வழிகளில் இது ஒன்று. நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் க்யூ காய்ச்சலில் விழுந்தார்கள். ஊர்களை ஒட்டிய ஆட்டுப் பண்ணைகளிலிருந்து, காய்ந்த ஈற்றுக் கழிவின் தூசி காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போனது. அடைத்த இடத்தில் ஈனவைத்து, நஞ்சுக்கொடியையும் நனைந்த கூளத்தையும் அன்றே புதைக்கச் சொல்வது இதற்காகத்தான். சாணக் குவியலின் மேல் வீசுவது மிக மோசமான வழி.

பால் எந்த விலங்கினுடையதாக இருந்தாலும் காய்ச்சியே குடிக்க வேண்டும். 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 வினாடி என்பது பதப்படுத்தும் அளவு. வீட்டில் பொங்கக் காய்ச்சினால் அதைத் தாண்டிவிடும். விலங்குக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் பாலையும் முட்டையையும் ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

பல ஊர்களில் முதலில் தடை விழுவது பன்றிக்கு. மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வரும். மலேசியாவில் 1998–99-இல் நிபா வைரஸ் பன்றியிலிருந்து மனிதருக்குத் தாவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. விதி இதில் தளர்வாக இருந்தாலும் நகரத்துக்குள் பன்றி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கோழிகள் ஒன்றிரண்டு நாளில் கொத்தாகச் செத்தால், கொண்டை நீலம் பாரித்தால், தலை வீங்கினால், பச்சை வெள்ளையாகக் கழிந்து கழுத்து முறுக்கினால், அது பறவைக் காய்ச்சலாகவோ வெள்ளைக்கழிச்சலாகவோ இருக்கலாம். மிச்சக் கோழிகளை அவசரமாக விற்காதீர்கள், சமைக்காதீர்கள், செத்ததைக் குப்பையிலோ நீரிலோ எறியாதீர்கள். கூட்டைப் பூட்டிவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். ஹாங்காங்கில் 1997-இல் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் முதன்முதலாக மனிதரைத் தொற்றியபோது 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தார்கள், ஊரில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் சில நாளில் அழிக்கப்பட்டன. திடலுக்கு மேலேயும் வலை போட்டு, தீவனத்தைக் கூரைக்கு அடியில் வைத்தால் காட்டுப் பறவையின் எச்சம் விழுவது குறையும்.

செத்த கோழியைக் கையுறையோடு எடுத்து, உள்ளூர் விதி அனுமதித்தால் மேலே 60 செ.மீ. மண் நிற்கும்படி புதையுங்கள். ஆடு, மாடு என்றால் நகராட்சி வண்டியைக் கூப்பிடுவதே முறை. நன்றாக இருந்த மாடு திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அடைப்பான் நோயை (ஆந்த்ராக்ஸ்) சந்தேகியுங்கள். அறுக்கவோ தோலுரிக்கவோ இழுத்துச் செல்லவோ கூடாது. உடலைத் திறந்தால் காற்றுப்பட்டுக் கிருமி வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். நாய் நெருங்காமல் காவல் வைத்துவிட்டு மருத்துவரை வரவழையுங்கள்.

காலியான கொட்டகையைத் தொற்றுநீக்க: சுரண்டி அள்ளு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவு, காயவிடு, அதன் பிறகே பிளீச்சிங். சாணம் இருக்கும் தரையில் ஊற்றினால் குளோரின் சாணத்திலேயே செலவாகிவிடும். சிறுநீர் ஊறிய தரையில் ஊற்றினால் நச்சு வாயு எழும். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் லிட்டருக்கு 17 கிராம், அன்றன்று கரைத்தது, பத்து நிமிடம் ஊறட்டும்.

ஆய்வும் அறிவிப்பும்

ஒரு நோட்டுப் போடுங்கள்: சாணம் அகற்றிய தேதி, யார் எடுத்துச் சென்றார், தடுப்பூசியின் பெயரும் தொகுதி எண்ணும், சாவு, கொடுத்த மருந்து. புகார்தாரர் ‘மாதக்கணக்கில் அள்ளவே இல்லை’ என்று சொல்லும்போது உங்கள் பக்கம் பேசுவது இந்த நோட்டுதான்.

வருகிற ஆய்வாளர் முகப்பைப் பார்க்க மாட்டார். தண்ணீர்க் கலத்தின் அடி, தீவனத் தொட்டியின் பின்புறம், எலி வளை, சுவரில் ஈயின் கரும்புள்ளிகள், வடிகால் முடியும் இடம் இவற்றைப் பார்ப்பார். ஆய்வு என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டு அலசுவது பெரும்பாலோர் செய்யும் காரியம். மறுநாள் நனைந்த கூளம்தான் இருப்பதிலேயே மோசமாக நாறும். உலர்வாகச் சுரண்டிப் புதுக் கூளம் போடுங்கள்.

அறிவிப்பு வந்தால், எந்தப் பிரிவின் கீழ் வந்தது, எத்தனை நாள் கெடு என்று முதலில் பாருங்கள். குறையைச் சரிசெய்து, தேதியோடு படமெடுத்து, எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கட்டுமான வேலை தேவைப்பட்டால் கெடு முடியும் முன்பே அவகாசம் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் மீறலாகப் பதிவாகியிருக்கும். மேல்முறையீட்டுக்கும் தனிக் கெடு உண்டு, அறிவிப்பின் அடியிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

பக்கத்து வீட்டாருக்கு முட்டை கொடுத்து வாயை அடைக்கலாம் என்பது ஒரு மாதத்துக்குச் செல்லும். தொலைபேசி எண்ணைக் கொடுத்து, நாற்றம் வந்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, கூப்பிட்ட அன்றே அள்ளினால் வருடக் கணக்கில் செல்லும். ஊருக்குப் போகும்போது அந்த வேலையைச் செய்ய ஓர் ஆளுக்குப் பழக்கிவைத்திருங்கள். மூன்று, நான்கு நாள் சுற்று உங்கள் விடுமுறைக்காக நிற்காது.

வளர்ப்பை நிறுத்தும்போது கொட்டகையை உடனே இடிக்காதீர்கள். தீவனத்தை அகற்றி, இரண்டு வாரம் பொறி வைத்து எலிகளைப் பிடித்த பிறகு இடியுங்கள். முதலில் இடித்தால் அத்தனை எலியும் அன்றிரவே பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும்.